எந்த ஆப் நல்லது என்று என்னைக் கேட்காதீர்கள்

வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்றுவிட்டேன். என் கைப்பேசி இன்னும் பெறவில்லை. காலையில் தோசைக்கல் காய்வதற்குள் செய்தி வந்து விழுந்துவிடும். ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து ஒரு தாய்: "அக்கா, பையனுக்குப் பேச்சு வரல. எந்த ஆப் நல்லது?" செராஸிலிருந்து ஒரு மருமகள்: "மாமாவுக்கு ஸ்ட்ரோக். எந்த ஆப் போடலாம் ஆன்டி?"

பேச்சை நம்பியிருக்க முடியாதவர்களுக்கென்று செயலிகள் இருக்கின்றன. டேப்லெட்டில் ஒரு படத்தையோ சொல்லையோ தொட்டால் அது குரலாகப் பேசும். ஆளைப் பார்த்து அதைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பதும், கூட உட்கார்ந்து பழக்கிவிடுவதும்தான் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மறுவாழ்வு நிலையத்தில் நான் பார்த்த வேலை. அதனால் என்னைக் கேட்கிறார்கள். ஆனால் ஆப்பின் பெயரை நான் சொல்வதில்லை. ஆளைப் பார்க்காமல் ஆப்பின் பெயரைச் சொல்பவர்களை எனக்குப் பிடிக்காது. அந்தக் கூட்டத்தில் இந்த வயதில் போய்ச் சேர மாட்டேன்.

சில நாட்களுக்கு முன்னால் நிலையத்திலிருந்து பவித்ரா அழைத்தாள். என் இடத்தில் இப்போது இருப்பவள், நல்ல பிள்ளை.

"அக்கா, புதுசா ஒண்ணு வந்திருக்கு. ஒரு சொல்லைத் தொட்டாப் போதும், மீதி வாக்கியத்தை அதுவே ஊகிச்சுப் பேசிடுது. எவ்வளவு நேரம் மிச்சம் தெரியுமா?"

"யாரோட நேரம்?"

சிரித்தாள். "சரி, நம்ம நேரம்தான். அப்ப நீங்கல்லாம் எப்படித்தான் தேர்ந்தெடுத்தீங்க? எழுதிக் குடுங்கக்கா, படிக்கிறோம்."

எழுதுகிறேன். வழிகாட்டி என்று நினைத்துப் படிக்க வேண்டாம். சண்டைக்கு வருகிறவர்கள் தாராளமாக வரலாம், பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டை எல்லாருக்கும் தெரியும்.

நான் இதற்காகப் படித்தவள் இல்லை. நிலையத்தில் வரவேற்பு மேசைக்குத்தான் ஆள் எடுத்தார்கள். வருகிறவர்களிடம் வாய் ஓயாமல் பேசுவேன். யாராவது நல்ல வார்த்தை ஒன்று சொன்னால் அதை நாள் முழுக்க வாயில் போட்டு மெல்லும் பழக்கம் எனக்கு. செந்தூலிலிருந்து வந்த ஒரு தகப்பனாரிடம், "மகனுக்கு என்ன வேணும்னு உங்களுக்கே தெரியுதே, அப்புறம் எதுக்கு அங்கிள் டேப்லெட்?" என்று கேட்டேன். "பசிச்சா நான் தெரிஞ்சுக்குவேன்மா," என்றார். "அவன் என்கூடச் சண்டை போடணும். அதுக்குத்தான் வேணும்." அந்த ஒரு வார்த்தைக்காகவே நான் அந்த வேலையில் இருந்துவிட்டேன் என்று சொன்னாலும் பொய்யில்லை. மேசையிலிருந்து எழுந்து, பயிற்சி அறையில் போய் நாற்காலி தூக்கிப் போட்டு, பார்த்துப் பார்த்துப் பழகி, கடைசியில் உதவியாளர் என்று ஒரு பெயரும் கிடைத்தது. பயிற்சிக் காலத்தைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

என்னை அந்த அறைக்குள் விட்டவர் மிஸ் டான். பேச்சுப் பயிற்சி நிபுணர்களுக்குத் தலைவி. பிரிக்பீல்ட்ஸிலேயே பிறந்து வளர்ந்த சீனப் பெண்மணி. காய்கறி வாங்கவும் ஆட்களை விரட்டவும் போதுமான தமிழ் தெரியும். மீதியை மலாயிலும் ஆங்கிலத்திலும் அடைத்துக்கொள்வார்.

அவருக்கு ஒரு வழக்கம். எதிரில் ஒருவர் டேப்லெட்டில் சொல் தேடிக்கொண்டிருந்தால், தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துவிடுவார். பள்ளிக்கூடத்தில் மழைநாள் குளிருக்குப் பிள்ளைகள் உட்காருவார்களே, அப்படி. முதல் தடவை பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

"கை ஃப்ரீயா இருந்தா உதவி செய்யப் போயிடும் விஜயா," என்றார். "நான் உதவி செஞ்சா அது என் பேச்சு. அவங்க பேச்சு போச்சு."

"நானும் கைமேல உக்காரணுமா மிஸ்?"

"நீ வாய் மேல உக்காரணும் லா."

அதுதான் எனக்குக் கிடைத்த பெரிய படிப்பு. வாய்மேல் உட்காருவது கைமேல் உட்காருவதைவிடக் கஷ்டம். ஒருவர் "நா..." என்று ஆரம்பித்ததுமே "நாற்காலியா? நாளைக்கா? நாக்கு வறண்டுபோச்சா?" என்று அடுக்கிவிடுகிற ஆள் நான். எனக்கு ஒரு மனிதர் முடிக்கும்வரை காத்திருக்க வந்ததென்றால், யாருக்கும் வரும்.

மிஸ் டான் முதல் சந்திப்பில் டேப்லெட்டை மேசையில் வைக்கவே மாட்டார். வந்தவர் ஏற்கெனவே எப்படிப் பேசுகிறார் என்று பார்ப்பார். புருவமா, நாக்குச் சத்தமா, முகத்தைத் திருப்பிக்கொள்வதா. பேசாதவர் என்று கூட்டி வந்த ஆட்கள் எல்லாருமே ஏதோ ஒருவிதத்தில் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். குடும்பத்தாரிடம் "என்ன சாப்பிடுவார்?" என்று கேட்க மாட்டார். "யாரைத் திட்டுவார்? எதுக்குச் சிரிப்பார்?" என்று கேட்பார். பிறகு கால் தரையில் பதிகிறதா என்று குனிந்து பார்ப்பார். கால் தொங்கினால் விரல் நடுங்கும். ஜன்னல் வெளிச்சம் திரையில் அடிக்கிறதா, எந்த விரல் நேராகப் போகிறது, தொட்ட விரலை எடுக்க முடிகிறதா இழுத்துக்கொண்டு போகிறதா என்பதெல்லாம் முடிந்த பிறகுதான் ஆப். அதுவும் ஒன்றைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பி, அங்கே என்ன ஆகிறது என்று பார்த்து, பிறகு இன்னொன்று.

ஒரு பொத்தானை ஒரு இடத்தில் வைத்தால் அது அங்கேயே இருக்க வேண்டும். நம் வீட்டுச் சமையலறை விளக்கை நாம் பார்த்தா போடுகிறோம், கை தானாகப் போகிறதல்லவா, அதுபோல. பேட்டரி தீர்ந்தால் பேச்சும் தீர்ந்துவிடக் கூடாது என்று அதே பொத்தான்களைத் தாளில் அச்சடித்துக் கூடவே கொடுப்பார். கோபத்தில் டேப்லெட்டைப் பிடுங்கி அலமாரியில் பூட்டிய பெற்றோரிடம் மட்டும் அவர் குரல் உயரும்: "உங்க நாக்கை நான் எடுத்து அலமாரியில வைக்கவா?" இன்னொன்று: ஒருவருடைய டேப்லெட்டிலிருந்து அவர் கேட்காமல் ஒரு சொல்லைக்கூட அழிக்கக் கூடாது. நாமே போட்ட சொல்லாக இருந்தாலும் சரி. இந்தக் கடைசி விதியை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சரோஜா அக்கா எங்களிடம் வந்தது அந்தச் சமயத்தில்தான்.

கிள்ளான் லிட்டில் இந்தியாவில், கடைகளுக்கு முன்னாலிருக்கும் அஞ்சடி நடைபாதையில், பூ விற்பவர். அவர் கூவினால் தெருவின் அடுத்த முனையில் போகிற கார்க்காரர்கூடக் காடியை நிறுத்துவார் என்று பேர். பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. "ஆ", "ம்" தவிர வேறு வரவில்லை. எழுத்தும் கலங்கிவிட்டது. முகம் மட்டும் அப்படியே இருந்தது. அந்த முகத்தால் அவர் பேரம்கூடப் பேசிவிடுவார்.

கூட வந்தவர்கள் இரண்டு பேர். கணவர், லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர், நாலு வார்த்தை பேச நாலு தடவை யோசிப்பவர். இன்னொருவர் மகன் குமரன், செமினியில் வீடு வாங்கிக் குடியிருப்பவர். குமரன் கெட்ட பிள்ளை இல்லை, அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அம்மாவைப் பார்க்க நெரிசலில் செமினிக்கும் கிள்ளானுக்கும் அலைந்து அலைந்து கண்ணைச் சுற்றிக் கருவளையம் விழுந்திருந்தது.

"அம்மாவையும் அப்பாவையும் என்கூடவே வச்சுக்கலாம்னு இருக்கேன் அக்கா," என்றார். "ரூம் ரெடி. ஏர்கோன் போட்டாச்சு. கடை இடத்தை வேற ஆளுக்கு விட்டுடலாம்."

"அம்மா என்ன சொல்றாங்க?"

"அம்மா என்னத்தைச் சொல்லுவாங்க? அதுக்குத்தானே இங்க கூட்டியாந்தேன். அவங்களுக்கு எவ்வளவு புரியுதுன்னு பாத்துச் சொல்லுங்க. புரியுதுன்னா பேசிக்கலாம். புரியலன்னா நான்தானே முடிவெடுக்கணும்."

ஆக, சரோஜா அக்காவின் கடையும் கிள்ளானும் எங்கள் சோதனையில் தொங்கின.

அடுத்த சந்திப்பில் வைக்கவிருந்த அந்தச் சோதனைக்கு மிஸ் டான் டேப்லெட்டில் ஒரு பக்கம் தயார் செய்தார். படங்கள், ஒவ்வொன்றையும் தொட்டால் அதன் பெயர் ஒலிக்கும். பெயர்களை என் குரலில்தான் பதிவு செய்தோம். பூ, கத்தரிக்கோல், தண்ணீர், கடை, மகன் குமரன், கணவர் சண்முகம். குடும்பத்தார் கண்ணால் குறிப்புக் காட்டிவிடுவார்கள் என்பதால் அவர்களை வெளியே உட்கார வைப்பது முறை.

"அக்கா, பூ எது?" என்றேன். இடது கை விரல் நேராகப் போனது. 'பூ' என்றது டேப்லெட், என் குரலில். சரோஜா அக்கா என்னைப் பார்த்தார், டேப்லெட்டைப் பார்த்தார், மறுபடியும் தொட்டார். மறுபடியும் 'பூ'. முகம் மலர்ந்தது. கத்தரிக்கோல், சரி. கடையைத் தொட்டபோது விரலை எடுக்க மனமில்லாமல் வைத்திருந்தார். குமரனும் சரி.

"உங்க வீட்டுக்காரர் எங்க இருக்காரு, காட்டுங்க."

படத்தைப் பார்த்தார். கையை மடியில் வைத்துக்கொண்டார்.

மிஸ் டான் கைகளின்மேல் உட்கார்ந்து காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். "அக்கா, உங்க வீட்டுக்காரர்," என்றேன் மறுபடியும். முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூன்றாவது தடவை கேட்டபோது கண் கலங்கி, டேப்லெட்டைத் தள்ளிவிட்டார். அது கம்பளத்தில் விழுந்தது.

மிஸ் டான் அதற்குமேல் கேட்கவில்லை. குமரனை உள்ளே கூப்பிட்டு, நெருங்கிய ஆட்களை அடையாளம் காண்பதில் சிரமம் இருக்கிறது, கணவரை அவர் காட்டவில்லை, எவ்வளவு புரிகிறது என்பதில் சந்தேகம் இருக்கிறது, இன்னும் பார்க்க வேண்டும் என்று மெதுவாகச் சொன்னார். மெதுவாகச் சொன்னால் மட்டும் என்ன?

"அப்பாவையே தெரியலயா?" என்றார் குமரன். அதற்குப் பிறகு சொன்ன எதுவும் அவர் காதில் ஏறவில்லை.

நான் வெளியே வந்தேன். நடையில் பெரியவர் தனியாக உட்கார்ந்திருந்தார். மைலோ கலந்து கொடுத்து, எப்படியும் யாராவது சொல்லத்தானே வேண்டும் என்று விஷயத்தைச் சொன்னேன்.

"என்னையா? தெரியலயா?" என்றார். "இப்பத்தானேம்மா, உள்ள போறப்ப, சட்டைப் பொத்தானைப் போடுன்னு கண்ணால அதட்டிட்டுப் போனா." குனிந்து பொத்தானைப் பார்த்துக்கொண்டார். "என்னன்னு கேட்டீங்க?"

உங்கள் படம், அதைத் தொட வேண்டும், தொட்டால் டேப்லெட் 'சண்முகம்' என்று சத்தமாகச் சொல்லும் என்றேன்.

பெரியவர் சிரிக்க ஆரம்பித்தார். மைலோ தளும்பிச் சட்டையில் கொட்டியது, அப்போதும் நிற்கவில்லை.

"யம்மா, அதை எப்படிம்மா அவ சொல்லுவா? கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து என் பேரு அவ வாய்ல வந்ததில்ல. கிளினிக்ல புருஷன் பேரு என்னன்னு கேட்டா என் பேரு போட்ட ஐசி கார்டை எடுத்து நீட்டுவா. கோயில்ல அர்ச்சனைக்குக்கூட பக்கத்துக் கடை பாஞ்சாலிதான் என் பேரைச் சொல்லும். இவ தலையைக் குனிஞ்சு நிப்பா."

நான் என் வீட்டுக்காரரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன், கோபம் வந்தால் அதையும் பாதியாக வெட்டுவேன். எனக்கு இது எப்படித் தோன்றும்? ஆனால் கேட்ட கணமே எல்லாம் விளங்கிவிட்டது. ஓடினேன்.

மிஸ் டான் கணினியில் அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்கச் சொன்னதைக் கேட்டுவிட்டு விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார். பிறகு, "தொட்டா டேப் பேசுது. ஆனா தானே பேசுறதா அவங்க நெனச்சாங்க," என்றார்.

"ஆமா மிஸ்."

"விஜயா, அந்த டேப் நம்ம வாய்னு புரிய மத்தவங்களுக்கு மாசக்கணக்காகும். சிலருக்குப் புரியவே புரியாது. இவங்களுக்குக் காலையில ரெண்டு பூவுலேயே புரிஞ்சிடுச்சு." எழுதியிருந்ததையெல்லாம் அழித்தார். "நான் கேட்டது தப்புக் கேள்வி. அவங்க சொன்னது சரி பதில்."

நேராக சரோஜா அக்காவிடம் போய், அவர் முன்னால் மண்டியிட்டு, சந்தையில் பழகிய தன் பாசார் தமிழில் மன்னிப்புக் கேட்டார். பெரியவரின் படத்தைப் புதுப் பக்கம் ஒன்றில் வைத்து, "என்ன சொல்லிக் கூப்பிடுவாங்க?" என்று நடைக்குப் போய்ப் பெரியவரையே கேட்டார். "ஏங்கன்னுதான்," என்றார் பெரியவர், வெட்கத்தோடு. அதையும் நான்தான் பதிவு செய்ய வேண்டியிருந்தது. ஊரார் கணவரை 'ஏங்க' என்று நான் கூப்பிட்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். சரோஜா அக்கா தொட்டார். "ஏங்க." நடையிலிருந்த மனிதர் அரைக்கோப்பை மைலோவோடு உள்ளே வந்து நின்றார்.

"அந்தப் பழைய பக்கத்தை எடுத்துடவா மிஸ்?" என்றேன்.

"என்னைக் கேக்காதே."

சரோஜா அக்காவிடம் கேட்டேன். அவர் கணவரின் பெயர்ப் பொத்தானைத் தொடாமல், அதற்கு மேலே உள்ளங்கையைக் குடை மாதிரி விரித்துப் பிடித்தார். இருக்கட்டும் என்று அர்த்தம். பார்க்கவாவது இருக்கட்டும் என்று நினைக்கிறார் போலும் என்று விட்டுவிட்டேன்.

இனி ஆப்புக்கு வருவோம். முதலில் கொடுத்தது எழுத்தைத் தட்டுவது. கலங்கிய எழுத்தோடு மல்லுக்கட்ட அவருக்குப் பொறுமையில்லை. ஒரே வாரத்தில் அதன்மேல் பூக்கூடையை வைத்திருந்தார்.

இரண்டாவது எங்கள் மேலாளர் கொடுத்தது. நன்கொடையாக டேப்லெட்டுகள் வந்திருந்தன, எல்லாவற்றிலும் ஒரே ஆப், ஆயத்த வாக்கியங்களோடு. எல்லாருக்கும் ஒரே மாதிரி இருந்தால் பழக்குவது சுலபம், கணக்குக் காட்டுவதும் சுலபம் என்பது அவர் வாதம். சரோஜா அக்காவை அழைத்துக்கொண்டு அன்றைக்கு வந்திருந்தவர் பக்கத்துக் கடை பாஞ்சாலி. வருஷக்கணக்காக ஒரே அஞ்சடியில் இருவரும் வியாபாரத்துக்காகச் சண்டை போட்டுக்கொண்டவர்கள். அந்த டேப்லெட்டை சரோஜா அக்கா தொட்டார். "வணக்கம். எனக்குச் சற்று உதவி தேவைப்படுகிறது. மிக்க நன்றி," என்றது ஒரு பெண்குரல்.

"யாருடி இது, ரேடியோல செய்தி வாசிக்கிறவளா?" என்றார் பாஞ்சாலி. "இந்தக் குரல்ல பூ வித்தீனா அம்பது பேரு எழுந்து நின்னு கேப்பான், ஒருத்தன் வாங்க மாட்டான்."

சரோஜா அக்கா சிரித்த சிரிப்பில் நாற்காலி ஆடியது.

மிஸ் டான் மேலாளரிடம் போய், இவருக்கு இது வேண்டாம், வேறு வேண்டும் என்றார். பொத்தான்களை நாமே அமைத்து, நம் குரலையே பதிவு செய்யக்கூடிய சாதாரண ஆப், சோதனைப் பக்கத்தைச் செய்த அதே ஆப். பார்க்க அழகாகக்கூட இருக்காது.

"மிஸ் டான், இதுல ஆயிரம் வாக்கியம் ரெடியா இருக்கு."

"ஆயிரத்துல ஒரு திட்டுகூட இல்ல."

"திட்டறதுக்கா நாம டேப் குடுக்கிறோம்?"

"நீங்க வீட்டுல திட்டறதே இல்லயா?"

மேலாளர் டையைத் தளர்த்திக்கொண்டார். மிஸ் டான் சிரித்த முகத்தோடு, எதிர் நாற்காலியில், கைகளின்மேல் உட்கார்ந்துவிட்டார். அவர் அப்படி உட்கார்ந்தால் எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும்வரை எழுந்திருக்க மாட்டார். மேலாளர் நிதி என்றார், நேரம் என்றார், மேலிடம் என்றார். ஒவ்வொன்றுக்கும் "நோ லா" என்று மட்டும் பதில். வாசலில் நின்றிருந்த நான், மேலிடத்துக்கு யார் பதில் சொல்வது என்று மேலாளர் கேட்டபோது, "என் பேரைச் சொல்லுங்க பாஸ், நான் வந்து பேசுறேன்," என்றேன். நான் பேச ஆரம்பித்தால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும். விட்டுவிட்டார்.

அடுத்து, யாருடைய குரல்? உறவுக்காரப் பெண் ஒருத்தியின் இனிமையான குரலைக் குமரன் பதிவு செய்து அனுப்பினார். சரோஜா அக்கா உதட்டைப் பிதுக்கினார். என் குரலைப் போட்டுக் காட்டினோம். அதற்கும் வேண்டாமென்று தலையாட்டல். பிறகு இடது கையை நீட்டி பாஞ்சாலியைக் காட்டினார்.

"என்னையா?" பாஞ்சாலி நெஞ்சில் கை வைத்தார். "என் குரலை வச்சு என் கஸ்டமரையே கூப்பிடப் பாக்குறாளே."

ஆனால் செய்தார். பயிற்சி அறையில் நின்று, எதிரில் தெரு இருக்கிற மாதிரியே கூவினார். "வாங்கண்ணே வாங்க, மல்லி இப்பத்தான் வந்துச்சு." "தொட்டுப் பாக்காதீங்கக்கா, வாங்கிட்டுத் தொடுங்க." "பேசினது போதும், பூவை எடு." 'கடை', 'என்னுது', 'வரேன்', 'வரல', 'போடா', 'சும்மா இரு' என்று தனிச் சொற்களும் உண்டு. எல்லாம் சொன்னார், ஒன்றைத் தவிர. "அடுத்தவ புருஷனை நான் ஏங்கன்னு கூப்பிடறதா? என் வீட்டுக்காரரு காதுல விழுந்தா என்ன ஆகும்?" ஆக 'ஏங்க' மட்டும் என் குரலிலேயே நின்றுவிட்டது.

பிறகு அந்த நாள் வந்தது. கடை இடத்தை விடுவது பற்றி முடிவு செய்ய குமரன் கிள்ளான் வீட்டுக்கு வந்தார். எங்கள் பக்கமிருந்து ஒருவர் இருக்க வேண்டும் என்று சரோஜா அக்கா விரும்பினார். மிஸ் டான் என்னை அனுப்பினார். "வாய்," என்று மட்டும் சொல்லி விரலால் கீழே காட்டினார். ரயிலில் போகும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு போனேன்.

குமரன் நன்றாகத்தான் பேசினார். செமினியில் ஆஸ்பத்திரி பக்கம், பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், ஒரு கையை வைத்துக்கொண்டு தெருவில் உட்கார வேண்டிய அவசியம் என்ன என்றார். சரோஜா அக்கா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு டேப்லெட்டைத் தொட்டார்.

"கடை. என்னுது."

"தெரியும்மா. ஆனா..."

"வரல."

"பாஞ்சாலி ஆன்டி குரல்ல வரலன்னு சொன்னா நான் என்னம்மா பண்றது," என்று சிரிக்கப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. அவங்க கை எங்கயோ படுது, அது ஏதோ பேசுது. புரிஞ்சுதான் சொல்றாங்கன்னு எப்படி நம்புறது? அப்பாவையே தெரியலன்னு உங்க மிஸ்தானே சொன்னாங்க? அப்புறம் இல்ல, தெரியும்னாங்க. நான் எதை எடுத்துக்கறது?"

பதில் என் தொண்டை வரை வந்தது. ஐசி, அர்ச்சனை, மைலோ, எல்லாம் வரிசையாக. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். வாயையும் எப்படியோ.

சரோஜா அக்கா கணவர் பக்கம் திரும்பினார். "ஏங்க."

பெரியவர் தரையைப் பார்த்தார். "பிள்ளை நல்லதுக்குத்தானே சொல்றான்," என்றார்.

"ஏங்க."

அவர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் கிள்ளானை விட்டுப் போக மனமில்லை என்பது சுவருக்குக்கூடத் தெரியும். ஆனால் மகனிடம் 'இல்லை' என்று சொல்லிப் பழக்கமில்லாத மனிதர்.

"ஏங்க" என்று மூன்றாவது தடவை ஒலித்தது. அவர் நிமிரவில்லை.

சரோஜா அக்காவின் விரல் திரையைத் தள்ளியது. கடைப் பக்கம் போனது, சாப்பாட்டுப் பக்கம் போனது. தள்ளிக்கொண்டே போய், ஒரு பக்கத்தில் நின்றது. நான் இருந்த இடத்திலிருந்து பார்த்தேன். பூ, கத்தரிக்கோல், தண்ணீர். எங்கள் பழைய சோதனைப் பக்கம்.

விரல் மேலே நின்றது. இறங்கவில்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. குமரன், "அம்மா என்ன தேடுறாங்க, நான் எடுத்துக் குடுக்கட்டா?" என்று கையை நீட்டினார். அவர் கையைப் பார்த்து, வேண்டாமென்று நான் தலையை மட்டும் ஆட்டினேன். அவர் கையை இழுத்துக்கொண்டார். அந்தக் காத்திருப்புக்கு முன்னாலோ பின்னாலோ நான் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததில்லை.

விரல் இறங்கியது.

"சண்முகம்."

என் குரல்தான். ஆனால் அந்த வீட்டில் யாருக்கும் அது என் குரலாகக் கேட்கவில்லை, எனக்கும்கூட. குமரனின் வாய் திறந்தபடி நின்றது. பிறந்ததிலிருந்து அவர் கேட்காத ஒன்றைக் கேட்டுவிட்டார். அம்மாவுக்கு என்ன புரிகிறது என்று அதற்குப் பிறகு அவர் யாரையும் கேட்கவில்லை.

பெரியவர் எழுந்து நின்றுவிட்டார். பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிட்டால் எழுந்து நிற்போமே, அப்படி. காது சிவந்திருந்தது. மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் தலையைக் குனியவில்லை.

"அவ வரலப்பா," என்றார் மகனிடம். "நானும் வரல. கடைக்கு நான் கூட உக்காந்துக்கறேன்."

சரோஜா அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தைத் தள்ளி, கடைப் பக்கத்துக்குப் போய் ஒன்றைத் தொட்டார். பாஞ்சாலியின் குரல் வீட்டை அதிர வைத்தது: "பேசினது போதும், பூவை எடு."

முதலில் சிரித்தது குமரன்தான்.

இன்றும் சரோஜா அக்கா கடையில் இருக்கிறார். மாலையைப் பெரியவர் கட்டுகிறார், கோணலாக. இரண்டு கடையிலிருந்தும் ஒரே குரல் கூவுகிறது. வாங்க வருகிறவர்கள் திகைத்து நிற்க, பாஞ்சாலி தலையில் அடித்துக்கொள்கிறார். அந்தப் பெயரை சரோஜா அக்கா அதன்பிறகு தொட்டதில்லை என்று பெரியவர் சொன்னார். பொத்தான் இருந்த இடத்தில் அப்படியே இருக்கிறது. யாரும் அழிக்கவில்லை.

பவித்ரா, நீ சொன்ன அந்தப் புது ஆப்பை என்னிடம் எடுத்துக்கொண்டு வா. 'ஏங்க' என்பதை மூன்று தடவை நான் தொடுகிறேன். இந்த அம்மாள் அடுத்து என்ன சொல்வார் என்று அது ஊகித்துச் சொல்லட்டும். அதுவரை நான் என் கைகளின்மேல் உட்கார்ந்திருக்கிறேன்.